இடப்பக்கத்து எலும்புகள்

ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லியே பதினாறு வருஷம் சம்பளம் வாங்கிவிட்டாய் என்று அவள் கணவர் அவளைக் கேலி செய்வார். "தொடாதீங்க" என்பதுதான் அந்த வார்த்தை. அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில் கடல் உயிரினங்களின் கூடம். அதன் வாசலோரம் ஒரு நாற்காலி, நாற்காலியில் அவள். கண்ணாடிப் பெட்டியில் யாராவது கையை வைத்தால் எழுந்து போகமாட்டாள், குரலை உயர்த்தவும் மாட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வார்த்தையைச் சொல்வாள். பெட்டிப் பக்கமே போகாதவர்கள்கூட அதைக் கேட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயரே "தொடாதீங்க அக்கா".

பிறகு கூடத்தை எட்டு மாதம் மூடினார்கள். திறந்தபோது பெட்டிகளெல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. நடுவில் இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை, அதன் மேல்பரப்பு முழுக்கக் கண்ணாடித் திரை. திரைக்குள் நீலத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. தண்ணீரில் நாலு பக்கத்திலிருந்தும் எலும்புகள் மிதந்து வரும். விரலால் பிடித்து இழுத்து அதனதன் இடத்தில் வைக்கவேண்டும். தப்பான இடத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். சரியான இடத்தில் வைத்தால் 'டக்'கென்று உட்காரும். எல்லா எலும்பும் சேர்ந்த பிறகு நாலு மூலையிலும் நாலு பேருடைய உள்ளங்கைகள் ஒரே சமயத்தில் பதியவேண்டும். அப்போதுதான் எலும்புக்கூட்டுக்குச் சதை வந்து, திமிங்கிலம் மேசையிலிருந்து சுவருக்குத் தாவி, கூடத்தை ஒரு சுற்று நீந்திவிட்டுப் போகும். மூன்று கைதான் இருந்தால் அது அசையாமல் கிடக்கும். நாலாவது கைக்கு ஆளைக் கூப்பிட்டே ஆகவேண்டும். குடும்பங்களுக்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று மேலாளர் விளக்கினார். இனிமேல் வருகிறவர்களைத் தொடச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார்.

திறந்த அன்று முதலில் வந்த குழந்தை கையை நீட்டியதும் அவள் வாய் பழக்கத்தில் "தொடா" வரைக்கும் போய்விட்டது. சட்டென்று நிறுத்தி, "தொடு, தொடு" என்றாள். குழந்தை பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. பதினாறு வருஷப் பழக்கத்தை ஒரு சுற்றறிக்கையால் மாற்ற முடியுமா என்று அன்று முழுக்க நொந்துகொண்டாள்.

அந்தக் குழப்பம் தீருவதற்குள் அடுத்தது வந்தது. குடும்பங்கள் சேர்ந்து எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய ஒரு பெண்ணைப் பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தது. ஒல்லியான பெண், கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். கூடத்து ஊழியர்களுக்கு அவள் ஒரு தாளைக் கொடுத்துப் பழக்கினாள். அரை நிமிஷத்துக்கு ஒரு வரி. கேள்வி, பதில், சுட்டிக்காட்டல், விளக்கம், தடுத்தல், தனியாக விளையாடுதல் என்று கட்டங்கள். எது நடக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடவேண்டும். அடியில் 'குறிப்பு' என்று கொஞ்சம் வெற்றிடம். யாருடைய பெயரும் கேட்கக்கூடாது. அடையாளத்துக்கு 'சிவப்புச் சட்டை அப்பா' என்பது மாதிரி எழுதிக்கொண்டால் போதும். இங்கே குறிப்பு எடுக்கிறார்கள், வேண்டாதவர்கள் சொல்லிவிடலாம் என்று வாசலில் பலகையும் வைத்தார்கள். மூலையில் நின்று பார்க்கலாம், குறுக்கே போகக்கூடாது.

பார்ப்பதற்கென்ன, பதினாறு வருஷமாக அதைத்தானே செய்கிறோம் என்று நினைத்தாள். ஆனால் பென்சிலைக் கையில் பிடித்ததும் எல்லாம் குழம்பியது. முதல் வாரமே ஓர் அப்பா வந்தார். திமிங்கிலம் ஒரு பெரிய மீன், செவுளால் மூச்சு விடும், முட்டை போடும் என்று தன் இரண்டு பிள்ளைகளுக்கும் கணீரென்று பாடம் நடத்தினார். மூன்றும் தப்பு. ஆனால் 'விளக்கம்' என்ற கட்டத்தில் அவருக்கு ஆறு கோடு விழுந்தது. அன்றைக்கு அதிகமாகக் கற்ற குடும்பம் தாளின்படி அதுதான். சாயங்காலம் ஆராய்ச்சிப் பெண்ணிடம் போய்க் கேட்டாள்.

"சரியா தப்பான்னு நாம பாக்கலைக்கா. அவங்க எப்படிப் பேசிக்கறாங்க, அதைத்தான் பாக்கறோம்" என்றாள் அந்தப் பெண்.

புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு வந்தாள். புரியவில்லை.

இன்னொரு நாள் காது கேளாத குடும்பம் ஒன்று வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள், கையாலேயே சண்டை போட்டார்கள், எலும்பைப் பிடிக்கவேண்டிய கை பேச்சுக்குப் போனதால் எலும்புகள் தப்பித்துக்கொண்டிருந்தன. நாற்பது நிமிஷம் நகரவில்லை. யார் கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்று அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தாள் வெறுமையாகவே போனது. ஆராய்ச்சிப் பெண் இரண்டு நாள் யோசித்துவிட்டு, 'கைமொழி' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். கட்டத்தை இப்படி இஷ்டத்துக்குச் சேர்க்கலாம் என்றால் விட்டுப்போனது இன்னும் எத்தனையோ என்று இவளுக்குப் புதுக்கவலை.

இதையெல்லாம் சாப்பிடும்போது வீட்டில் சொல்வாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட் ஓடும் சுரங்கத்துக்குள் இறங்கிக் கம்பி வடத்தையும் சக்கரத்தையும் சரிபார்க்கிற வேலை. எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்போடு கேட்பார். பதிமூன்று வயது மகள்தான் எதற்கும் "ம்" என்பாள். மகளின் ஒரு நாள் பேச்சு அவ்வளவுதான். போன வருஷம் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிய பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அம்மாவுக்கு அதுவும் விளங்கவில்லை.

ஊழியர்கள் குடும்பத்தை அழைத்து வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினார்கள். அன்று அவளுக்கு விடுமுறை. சீருடை இல்லாமல், தூறலுக்காகப் பூப்போட்ட பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு, கணவரையும் மகளையும் அழைத்துப் போனாள். கூடத்துக்குள் நுழைந்ததும் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. இது என்ன தெரியுமா என்று கேட்பாள், அவர்கள் வாயைத் திறப்பதற்குள் தானே சொல்லிவிடுவாள். திமிங்கிலத்தின் துடுப்புக்குள் நம் கை மாதிரியே விரல் எலும்புகள் இருப்பதைக் காட்டினாள். மகள் அப்பாவின் கையை அடிக்கடி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "விடுடி, அவரே எடுப்பார்" என்று இரண்டு மூன்று தடவை அதட்டவேண்டியிருந்தது.

கடைசியில் வால் பக்கத்தில் இரண்டு சின்ன எலும்புகள் மிஞ்சின. எதோடும் ஒட்டவில்லை. திமிங்கிலத்தின் முன்னோர் தரையில் நடந்த காலத்து இடுப்பெலும்பின் மிச்சம் அது, சும்மா அங்கேயே விட்டுவிடவேண்டியதுதான் என்று அவள் சொன்னாள்.

"எனக்கும் இப்படித்தான். பிரிச்சு மாட்டினா எப்பவும் ரெண்டு நட்டு மிஞ்சும். லிஃப்ட் ஓடுதான்னு பாப்பேன். ஓடினா பையில போட்டுக்குவேன்" என்றார் கணவர்.

மகள்கூடச் சிரித்துவிட்டாள். நாலாவது கைக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டார்கள். திமிங்கிலம் சுவரெல்லாம் நீந்திப் போனது. இப்படி மூன்று பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினாள்.

திங்கள்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். வாரத்தில் சேர்ந்த தாள்களுக்கு எண் போட்டுக் கட்டி வைப்பது அன்று அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை தாள்களை ஆராய்ச்சிப் பெண் அழைத்து வந்த ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தாள். அதில் ஒன்றைப் பார்த்து இவளுக்குச் சிரிப்பு வந்தது. 'தடுத்தல்' கட்டத்தில் அம்மாவுக்குப் பதினோரு கோடு. இப்படியும் ஒரு அம்மாவா என்று தாளின் தலைப்பைப் பார்த்தாள். 'பச்சைக் குடை அம்மா. முழங்கையில் வேறு நிற நூலில் தையல் போட்ட சட்டை அப்பா. ஒற்றைப் பின்னல் பெண், வயது 12 அல்லது 13.'

அந்தத் தையலைப் போட்டவள் அவள்தான். பழுப்பு நூல் தீர்ந்துபோய்க் கறுப்பில் தைத்திருந்தாள்.

அடியில் குறிப்பு இருந்தது. 'அம்மா கேள்வி கேட்டு, பதிலையும் தானே சொல்கிறார். பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிறாள், ஒன்பது முறை. அப்பா தன் இடப்பக்கம் வரும் எலும்புகளை எடுப்பதே இல்லை. ஆர்வக் குறைவு?'

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாசலில் பலகை இருப்பது அவளுக்குத் தெரியாதா? தினமும் அதைத் துடைத்து வைப்பவளே அவள்தான். ஆனால் தங்களையும் யாரோ பார்ப்பார்கள் என்று தோன்றவே இல்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேடினாள். எதிலும் இல்லை. அந்த மாணவி பொய்யாக ஒன்றும் எழுதிவிடவும் இல்லை. நினைத்துப் பார்த்தால் பதினோரு தடவை தடுத்திருப்பாள்தான். அப்படியானால் தன் நினைவில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை எது, தாளில் இருக்கிறது எது? கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கிழிக்கவில்லை. திரும்பத் திரும்பப் படித்தாள்.

மூன்றாவது தடவை படிக்கும்போது 'ஆர்வக் குறைவு' என்பதில் கண் நின்றது. அது மட்டும் ஒட்டவில்லை. வலப்பக்கம் வந்த எலும்புகளைச் சின்னப்பிள்ளை மாதிரி பாய்ந்து பாய்ந்து பிடித்த மனுஷர் அவர். ஆர்வமில்லாதவர் செய்கிற காரியமா அது? பிறகு ஏன் இடப்பக்கம் வந்ததை விட்டார்?

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்ததும், அன்றைக்கு அப்பா கையை ஏன் அப்படி இழுத்தாய் என்று கேட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து மகள் சுவரோரம் பார்த்தாள். திட்டமாட்டேன், சும்மா சொல் என்றாள் அம்மா.

"அப்பாவுக்கு இந்தப் பக்கம் தெரியலைம்மா" என்று மகள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "எலும்பு அவர் கைக்கிட்டயே வந்து நின்னுச்சு. அவர் பாக்கலை. விளையாடறாருன்னு நெனச்சேன். அப்புறம் வேணும்னே ஒண்ணை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அப்பவும் பாக்கலை. மறுபடி தள்ளினேன். அதான் கையைப் பிடிச்சு அங்க கொண்டுபோனேன்."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"நீ பேசிட்டே இருந்தேம்மா."

அடுக்களைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். கொஞ்ச நாளாக மேசையிலிருந்த டம்ளர்களை அவர் தட்டிவிட்டது ஞாபகம் வந்தது. எல்லாம் இடப்பக்கம் இருந்தவையா? இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வந்தபோது, கண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாள். கேட்டதோடு சரி, பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கணவர் வந்ததும் மெதுவாக எடுத்துச் சொன்னாள். அவர் நம்பவில்லை. காலண்டரில் இருந்த பொடி எழுத்தைத் தூரத்திலிருந்தே வாசித்துக் காட்டினார். இவ்வளவு தெரிகிறவனுக்குக் கண்ணில் என்ன கோளாறு என்றார். மகள் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். நேராகச் சுவரையே பாருங்கள், என் விரல் தெரிந்ததும் சொல்லுங்கள் என்றாள். வலப்பக்கத்திலிருந்து விரலைக் கொண்டுவந்தாள், உடனே சொன்னார். இடப்பக்கத்திலிருந்து கொண்டுவந்தாள். காதோரம் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது, அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஆரம்பிம்மா" என்றார்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கே ஏதோ உறைத்தது. கழுத்தைத் திருப்பினார். விரல் அங்கே இருந்தது.

பிறகு போன மாதம் நடந்த ஒன்றைச் சொன்னார். லிஃப்ட் பெட்டி மேலே ஏறினால், அதற்குச் சரிசமமாக ஓர் எடைக்கட்டை அந்தப் பக்கம் கீழே இறங்கும். சுரங்கத்துக்குள் நின்றுகொண்டிருந்தபோது அது அவருடைய இடது தோளை உரசுகிற மாதிரி இறங்கிப் போனதாம். சொல்லாமல் இயக்கிவிட்டாய் என்று கூட வேலை பார்ப்பவரோடு பெரிய சண்டை. அந்த ஆளோ, கையைக் காட்டிவிட்டுத்தான் இயக்கினேன், நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று சாதித்திருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

"அந்த ஆளு பொய் சொல்லலை போல" என்றார்.

கண் மருத்துவமனையில் ஒரு கருவிக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்தது. அதற்குள் அங்கங்கே புள்ளிகள் மினுக்கும், தெரிந்தால் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். பொத்தான் சத்தம் வெளியே உட்கார்ந்திருந்த இவளுக்குக் கேட்டது. சத்தம் நிற்கிற இடைவெளிகளையெல்லாம் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். இடது கண்ணில் பெரும்பாலும் போய்விட்டது, வலதில் மூக்கை ஒட்டிய பக்கம் இப்போதுதான் தொடக்கம். போனது திரும்பாது. இருப்பதைத் தினமும் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். வலி இருக்காது, நடுப்பார்வை தெளிவாகவே இருக்கும், அதனால் பலருக்கும் இது தெரிவதே இல்லை என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, "திமிங்கிலத்தாலங்க" என்று கணவர் சொன்னார். மருத்துவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

இனி சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்றாகிவிட்டது. பழுது என்று வரும் தொலைபேசிகளைக் கேட்டு ஆளை அனுப்புகிற வேலையைக் கம்பெனியில் கொடுத்தார்கள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சண்டை போட்ட ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவரோ, இதற்குச் சண்டையே தேவலையாய் இருந்தது என்று அழுதுவிட்டாராம். மகள் பழையபடி வாயாடியாகிவிட்டாளா என்றால் அதுவும் இல்லை. "ம்" இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த "ம்"முக்குப் பின்னால் ஏதாவது இருக்குமோ என்று அம்மா இப்போது கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். பல நாள் ஒன்றும் வராது.

நாலைந்து வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிப் பெண்ணிடம் போனாள். இது எங்கள் குடும்பம் என்றாள். நடந்ததையெல்லாம் சொல்லி, இது எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டாள்.

அந்தப் பெண் தாளை வாங்கிப் படித்தாள். பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினாள், ஒன்றும் எழுதாமல் திரும்பச் செருகினாள்.

"இங்க கத்துக்கறதுன்னா, திமிங்கிலத்தைப் பத்தின்னுதான் நெனச்சுட்டிருந்தேன்க்கா" என்றாள். "உங்க பொண்ணு வேணும்னே தள்ளிவிட்டுப் பாத்திருக்கா. மறுபடி தள்ளிப் பாத்திருக்கா. ஆராய்ச்சின்னா அதுதான். ஆனா அதைக் கையைப் பிடிச்சு இழுத்தான்னு எழுதியிருக்கு. பாத்தது சரி, இடப்பக்கம் எடுக்கலைங்கறதும் சரி. அதுக்குச் சொன்ன அர்த்தம்தான் தப்பு."

திருத்திவிடலாமா என்று இவள் கேட்டாள். பார்த்து எழுதியதைத் திருத்தக்கூடாது, அது முறையில்லை என்றாள் அந்தப் பெண். வேண்டுமானால் கட்டுரையில் தனியாக இதைப் பற்றி எழுதலாம், பெயர் வராது, ஆனால் வீட்டில் மூன்று பேரும் சம்மதிக்கவேண்டும். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தாள். கணவர், எழுதட்டும் என்றார். மகள், யோசிக்கணும் என்றாள். தனக்கு என்ன தோன்றுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. வாரம் ஒருமுறை அந்தப் பெண் நினைவுபடுத்துகிறாள். இன்னும் கேட்கணும் என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதைவிட வேறொன்றுதான் அவளை அரித்தது. இதுவரை அவள் எழுதிய தாள்கள் இருநூறுக்குக் குறையாது. அவற்றின் அடியில் அவளும் குறிப்பு எழுதியிருக்கிறாள். 'அப்பாவுக்கு அக்கறை இல்லை', 'அம்மா சிடுசிடு', 'பையன் அடங்கவில்லை.' ஒரு திங்கள்கிழமை கட்டை அவிழ்த்து எல்லாவற்றையும் மறுபடி படித்துப் பார்த்தாள். நீலத் தொப்பி அப்பா, கைப்பை அம்மா, சட்டைப் பொத்தான் மாறிப் போட்ட பையன். யாருக்கும் பெயரில்லை, முகவரியில்லை. எங்கே என்று தேடிப் போவது? போய்த்தான் என்ன கேட்பது? பாதி தாள்களில் அவள் எழுதியது சரியாகவும் இருக்கலாம். சிடுசிடுத்த அம்மா உண்மையிலேயே சிடுசிடுப்பானவளாகவே இருக்கலாம். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. திரும்பக் கட்டி, அலமாரியில் வைத்தாள்.

போன சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் மேசையில் மும்முரமாக இருந்தார்கள். அம்மா மட்டும் தள்ளி நின்று, திமிங்கிலம் இன்னும் வராத வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. அவள் தாளின் அடிக்குப் போய், 'அம்மா சுவரைப் பார்த்து நிற்கிறார்' என்று எழுதினாள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று பென்சிலைப் பிடித்தபடி நின்றாள். அரை நிமிஷம் முடிந்துவிட்டது. அடுத்த வரிக்குப் போனாள்.